ஆரல்வாய்மொழிக் காற்றில் படகு ஓடுமா?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு எல்லாம் தாண்டியதும் திடீரென்று ஜன்னல் ஓரத்தில் இருப்பவரின் தலைமுடி பறக்க ஆரம்பிக்கும். மடியில் வைத்திருக்கும் முறுக்குப் பொட்டலத்தின் காகிதம் கைநழுவி ஓடும். வெளியே பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ராட்சதக் காற்றாலைகள்! முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் டிரைவர் மாமா வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வருவார். அடுத்து வருவதுதான் ஆரல்வாய்மொழி.

இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு காற்று? தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா? அதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட சுவர் மாதிரி நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சுவரில் மோதுகிறது. ஆரல்வாய்மொழியில் மலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதாவது கணவாய் இருக்கிறது. காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அதனால் அதன் வேகம் கூடிவிடுகிறது. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழியை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை!

சரி, தலைப்பில் ‘படகு’ என்று போட்டுவிட்டுக் காற்றாலையைப் பற்றிப் பேசுகிறோமே என்று பார்க்கிறீர்களா? இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.

பாய்மரம் போய் என்ஜின் வந்தது

ஆரல்வாய்மொழியிலிருந்து கன்னியாகுமரிக் கடற்கரைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம் போல ஆகும். ஒரு காலத்தில் அந்தக் கடலில் கட்டுமரங்களும் வள்ளங்களும் பாய் விரித்துப் போயின. காற்று தள்ளியது, படகு ஓடியது. எரிபொருள் செலவு பூஜ்யம்! ஆனால் காற்று நின்றால் துடுப்புதான். கை வலிக்க வலிக்கத் துடுப்புப் போட்டுக் கரை சேர வேண்டும்.

பிறகு படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார் வந்தது. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் என்று எரிபொருள் ஊற்றினால் போதும், காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். மீனவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் தினமும் எரிபொருளுக்குக் காசு வேண்டும். புகை, காதைப் பிளக்கும் சத்தம், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் எல்லாம் கூடவே வந்தன.

இப்போது உலகத்தில் பல இடங்களில் மூன்றாவது வழி ஒன்றை முயற்சி செய்கிறார்கள். படகிலிருந்து டீசல் என்ஜினைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டாரையும் பேட்டரியையும் வைக்கிறார்கள். அந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் மின்சாரம் ஆரல்வாய்மொழிக் காற்றாலையிலிருந்து வந்தால்? அன்று பாயைத் தள்ளிய அதே காற்று, கம்பி வழியாக வந்து மறுபடியும் படகைத் தள்ளுகிறது என்றுதானே அர்த்தம்!

இது புதுசா? இல்லவே இல்லை!

மின்சாரப் படகு ஏதோ நேற்று வந்தது என்று நினைக்காதீர்கள். 1838-ஆம் ஆண்டிலேயே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா நதியில் மோரிட்ஸ் ஜாக்கோபி என்ற விஞ்ஞானி மின்சாரப் படகை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு சுமார் 50 வருடங்களுக்கு முன்பே!

1881-ல் பிரான்ஸ் நாட்டின் பாரீஸ் நகரில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் ஒரு வேலை செய்தார். படகின் பின்பக்கம் மாட்டவும் கழற்றவும் கூடிய மின்சார மோட்டாரைச் செய்து, சென் நதியில் படகை ஓட்டினார். இன்று நம் வள்ளங்களின் பின்னால் மாட்டுகிறார்களே ‘அவுட்போர்டு’ மோட்டார், அதற்கு இதுதான் தாத்தா. 1893-ல் அமெரிக்காவின் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் 50-க்கும் மேற்பட்ட மின்சாரப் படகுகள் மக்களை ஏற்றிச் சுற்றின.

அப்புறம் ஏன் காணாமல் போயின? அந்தக் கால பேட்டரி மலை போல கனம். அதற்குள் பெட்ரோல், டீசல் என்ஜின்கள் வந்துவிட்டன. கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் வெகுதூரம் போகலாம். மின்சாரப் படகை எல்லோரும் மறந்துவிட்டார்கள். லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான் மறுபடியும் ஞாபகம் வந்திருக்கிறது.

படகுக்கு ஆபரேஷன்!

ஒரு பழைய டீசல் படகை மின்சாரப் படகாக மாற்றுவது எப்படி? டாக்டர் ஆபரேஷன் செய்வது போலத்தான்.

முதலில் டீசல் என்ஜின், எண்ணெய்த் தொட்டி, புகைக்குழாய் மூன்றையும் வெளியே எடுக்க வேண்டும். படகின் உடம்பு அப்படியே இருக்கும். அடியில் சுழலும் விசிறி இருக்கிறதே, புரொப்பல்லர், அதையும் அதோடு சேர்ந்த இரும்புத் தண்டையும் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அந்தத் தண்டோடு மின்சார மோட்டாரை இணைக்க வேண்டும். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று கட்டுப்படுத்த ஒரு கருவி உண்டு. அதன் பெயர் கன்ட்ரோலர். படகோட்டி கைப்பிடியைத் திருப்பினால் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கட்டளை போடும்.

கடைசியாக பேட்டரி. அதை எங்கே வைப்பது? பரிசலில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் என்ன ஆகும்? கவிழ்ந்துவிடும்! அதனால்தான் கனமான பேட்டரியைப் படகின் அடிப்பகுதியில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி வைக்கிறார்கள்.

இன்னொரு எதிரியும் இருக்கிறது. உப்புத் தண்ணீர்! உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கம்பியையும் அரித்துவிடும். அதனால் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகாமல் மூட வேண்டும். பேட்டரி அதிகமாகச் சூடானால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் கருவியும் கட்டாயம் வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது ரொம்பக் கஷ்டம்.

மோட்டாரும் காற்றாலையும் அண்ணன் தம்பி

பாய்மரப் படகை மின்சாரத்துக்கு மாற்றினால் ஒரு வேடிக்கை நடக்கும். மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழலும். இது தெரியும். அதே மோட்டாரை நாம் வெளியிலிருந்து சுழற்றினால்? அது மின்சாரம் தரும்! அப்போது அதன் பெயர் ஜெனரேட்டர். ஆரல்வாய்மொழிக் காற்றாலையின் உச்சியில் இருப்பதும் ஜெனரேட்டர்தான். காற்று இறக்கையைச் சுழற்றுகிறது. இறக்கை ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது.

இப்போது பாய்மரப் படகுக்கு வாருங்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வரும் வரை மோட்டார் ஓடுகிறது. கடலில் நல்ல காற்று கிடைத்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாயை விரிக்கிறார்கள். படகு வேகமாகப் போகும்போது தண்ணீர் புரொப்பல்லரைச் சுழற்றும். அது மோட்டாரைச் சுழற்றும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்! தண்ணீருக்கு அடியில் ஒரு குட்டிக் காற்றாலை ஓடுவது மாதிரி. ஆனால் இது முழுக்க இலவசம் இல்லை. புரொப்பல்லர் தண்ணீரைத் தடுப்பதால் படகின் வேகம் கொஞ்சம் குறையும்.

எடைதான் வில்லன்!

‘இவ்வளவு நல்லதாக இருக்கிறதே, எல்லாப் படகையும் நாளைக்கே மாற்றிவிடலாமே!’ என்கிறீர்களா? பொறுங்கள். ஒரு கணக்குப் போடலாம். நோட்டை எடுங்கள்!

உங்கள் வீட்டு மின்சார பில்லில் ‘யூனிட்’ என்று இருக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். படகு பேட்டரியைப் பெட்டியோடும் கம்பிகளோடும் சேர்த்து எடை போட்டால், ஒரு யூனிட் சேமிக்க சுமார் 10 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

மீன்பிடிக்கும் வள்ளத்தில் 9.9 குதிரைசக்தி மோட்டார் மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட சுமார் 7 யூனிட் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு? 7 × 6 = 42 யூனிட். பேட்டரியின் எடை? 42 × 10 = 420 கிலோ! ஆறு பெரியவர்கள் கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி. வலை எங்கே வைப்பது? பிடித்த மீனை எங்கே போடுவது? இதே வேலைக்கு எரிபொருள் என்றால் 25 கிலோவைத் தாண்டாது. அதுவும் எரிய எரியக் குறைந்துகொண்டே வரும். பேட்டரியோ காலியானாலும் அதே எடைதான்!

இன்னொரு விஷயம் எடையைவிட முக்கியம். நடுக்கடலில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபோது ஏராளமான மீனவர்கள் கடலில் இருந்தார்கள். பலர் திரும்பி வரவேயில்லை. தப்பிய சில படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் கரைகளில் போய் ஒதுங்கின. கடலுக்குப் போகிறவருக்கு மிச்சம் இருக்கும் எரிபொருள் என்பது உயிர் மாதிரி. தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். அங்கே சார்ஜ் ஏற்ற பிளக் பாயின்ட் ஏது? அந்தப் படகுகளைப் போய் ‘பேட்டரிக்கு மாறுங்கள்’ என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பது நியாயம்தான்.

அப்படியானால் எந்தப் படகு?

தினமும் ஒரே பாதையில், கொஞ்ச தூரம் போய், கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் படகு! அதற்குத்தான் மின்சாரம் பொருத்தம். ஏனென்றால் சின்ன பேட்டரி போதும். கரைக்கு வரும்போதெல்லாம் சார்ஜ் ஏற்றலாம்.

இதற்கு நல்ல உதாரணம் நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளாவில் வைக்கம் தெரியுமா? தந்தை பெரியார் 1924-ல் போராடிச் சிறை சென்ற அதே வைக்கம்தான். அங்கே வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவு என்ற ஊருக்குப் படகு போகிறது. தூரம் சுமார் 3 கிலோமீட்டர். 2017 ஜனவரி 12-ல் அந்தப் பாதையில் ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகை கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட விட்டது. கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டிய படகு அது.

ஆதித்யா பழைய படகை மாற்றியது அல்ல, புதிதாகவே கட்டியது. அதனால் எடையை ஆரம்பத்திலிருந்தே குறைக்க முடிந்தது. நீளம் 20 மீட்டர்; 75 பேர் உட்காரலாம். உடம்பு இரும்பு இல்லை, லேசான கண்ணாடி இழை. கூரை முழுக்க சூரியத் தகடுகள். பேட்டரி 50 யூனிட் மட்டுமே. மேலே பார்த்த வள்ளத்துக்கே 42 யூனிட் கேட்டதே, 75 பேர் போகும் படகுக்கு 50 எப்படிப் போதும்? பயணம் சின்னது. வேகம் குறைவு. வெயில் அடிக்க அடிக்கக் கூரையிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி கரையில் நிற்கும்போது கம்பி மூலம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

கொச்சியில் 2023 ஏப்ரலில் ‘வாட்டர் மெட்ரோ’ தொடங்கியது. 100 பேர் போகும் அந்தப் படகுகளை கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டியது. படகுத்துறையிலேயே சீக்கிரமாக சார்ஜ் ஏற்றும் பேட்டரி அதில் இருக்கிறது. அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரும் உண்டு.

பழைய கப்பலையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் அகலமுள்ள கடல். அங்கே கார்களையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் ‘டைகோ பிராஹே’, ‘அரோரா’ என்ற இரண்டு கப்பல்கள் 1990-களின் தொடக்கத்திலிருந்து டீசலில் ஓடின. அவற்றை மாற்றி, 2018-ல் பேட்டரியில் ஓட வைத்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் 4160 யூனிட் பேட்டரி! கரையைத் தொட்டதும் ஒரு ரோபோ கை நீண்டு வந்து சார்ஜர் கம்பியை மாட்டிவிடும். இங்கேயும் பாருங்கள், சின்ன தூரம், ஒரே பாதை.

மெதுவாகப் போனால் தூரம் போகலாம்

படகில் ஓர் அதிசயக் கணக்கு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள், சுலபம். வேகமாக அசைத்தால்? தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். படகுக்கும் அப்படித்தான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மோட்டாருக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்! போய்ச் சேர இரண்டு மடங்கு நேரம் ஆகும்தான். ஆனாலும் மொத்தச் செலவு நாலில் ஒரு பங்கு. மின்சாரப் படகோட்டிகள் அவசரப்படாததன் ரகசியம் இதுதான்.

காற்றுக்கும் லீவு உண்டு

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் இருக்கும் காற்றாலைகளின் மொத்தத் திறன் சுமார் 1500 மெகாவாட். இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைக் கூட்டங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தக் காற்றாலைகள் வருடம் முழுக்க ஒரே மாதிரி சுழலாது. பருவக்காற்று மாதங்களில் ஓடோடி உழைக்கும். மற்ற மாதங்களில் பல நாள் சோம்பல் முறிக்கும். அப்போது கம்பியில் வருவது பெரும்பாலும் நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரமாக இருக்கலாம். படகில் புகை வராது. ஆனால் வேறு எங்கோ ஒரு புகைபோக்கியில் வரும். அதனால் ‘மின்சாரப் படகு என்றாலே சுத்தம்’ என்று சொல்லிவிட முடியாது. அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தான் புத்திசாலி!

நீங்களே செய்து பாருங்கள்

தேவை: ஒரு தெர்மாகோல் துண்டு, உடைந்த பொம்மைக் காரிலிருந்து எடுத்த குட்டி மோட்டார், அதற்கு ஒரு சின்ன விசிறி, இரண்டு பென்சில் செல், கொஞ்சம் ஒயர், ஓர் அகலமான தொட்டி.

தெர்மாகோலின் பின்பக்கம் மோட்டாரை நிமிர்த்தி ஒட்டுங்கள். விசிறி காற்றில் சுழல வேண்டும். தண்ணீரைத் தொடக் கூடாது. செல்லை நடுவில் வைத்து ஒயரை இணையுங்கள். படகு ஓடும்! தொட்டியைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஐந்து நாணயங்களைப் படகில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். பிறகு பத்து. எடை கூடக் கூட என்ன ஆகிறது? செல்லை ஓரமாக வைத்தால் என்ன ஆகிறது? இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஜாக்கிரதை: பென்சில் செல் மட்டும்தான். வீட்டு பிளக் பாயின்ட் பக்கமே போகக் கூடாது. கிணறு, குளத்தில் வேண்டாம். தொட்டியில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி!

உங்களிடம் ஒரே ஒரு படகை மாற்றத்தான் பணம் இருக்கிறது. எதை மாற்றுவீர்கள்?

1. பத்து நாள் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு.
2. ஊட்டி ஏரியில் சுற்றிக் காட்டும் மோட்டார் படகு.
3. விடியற்காலையில் போய் மதியம் திரும்பும் மீன்பிடி வள்ளம்.
4. கன்னியாகுமரிக் கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள விவேகானந்தர் பாறைக்குப் போய்வரும் படகு.

விடை: முதலில் 2. ஏரியில் அலை இல்லை, தூரம் குறைவு, கரை எப்போதும் கண்ணெதிரே. அடுத்து 4. தூரம் கொஞ்சம்தான், ஆனால் அங்கே முக்கடலும் கொந்தளிக்கும்; அலையை எதிர்த்துத் திரும்பும் அளவுக்கு எப்போதும் பேட்டரியில் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றாவதுக்கு இன்னும் எடை குறைந்த, விலை மலிந்த பேட்டரி வேண்டும். ஒன்றாவது? அதற்கு வழி கண்டுபிடிப்பது உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்!

அடுத்த தடவை ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது தூங்கிவிடாதீர்கள் குட்டீஸ். ஜன்னலைத் திறந்து அந்தக் காற்றைக் கொஞ்சம் முகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்குப் பொட்டலத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!